எஃப்டி போடப் போன அம்மாவிடம் இன்சூரன்ஸ் பாலிசியைக் கொடுத்து அனுப்பினார்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் அம்மா அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வெளியே வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

அம்மா திருப்பாப்புலியூரில் தனியாக இருக்கிறார். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். அப்பா இறந்த பிறகு வந்த பணத்தில் ஒன்றரை லட்சத்தை பேங்கில் எஃப்டியாகப் போட்டிருந்தோம். போன வருஷம் அது முதிர்ந்ததும் புதுப்பிக்கப் போனார். அங்கே இருந்த பையன், "எஃப்டியில வட்டி கம்மிம்மா. இதுவும் நம்ம பேங்க் டெபாசிட் மாதிரிதான், ஒரு தடவை போட்டா போதும், அஞ்சு வருஷத்துல எடுத்துக்கலாம்" என்றிருக்கிறான். போனுக்கு வந்த ஓடிபியையும் அவனே பார்த்துப் போட்டுக்கொண்டான். "ஒரு கால் வரும், எது கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறான். அம்மாவும் அப்படியே சொல்லிவிட்டார்.

சில மாதங்களுக்கு முன் அம்மா போனில் ஒரு மெசேஜ்: பிரீமியம் 1,50,000 ரூபாய் கட்டவேண்டிய தேதி நெருங்குகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், தபாலில் வந்த உறை பிரிக்காமலே இருந்தது. எஃப்டி பத்திரம் என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

பிரித்தேன். பிரீமியம் செலுத்தும் காலம் 10 ஆண்டுகள். மொத்தம் பதினைந்து லட்சம்! கடைசியில் விண்ணப்பத்தின் நகல் வைத்திருந்தார்கள். தொழில்: வியாபாரம். ஆண்டு வருமானம்: 6,00,000. அம்மா மாதம் முழுக்க மிஷின் மிதித்தாலும் எட்டாயிரம் தாண்டாது. அந்தக் கட்டத்துக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து, கோணலாக. "படிக்காம போட்டுட்டேன்டா" என்று அழுதார். அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. நம்பி வந்தவரிடம் அப்படி நடந்துகொண்டவர்கள் மேல்தான் தப்பு.

2024 இன்சூரன்ஸ் விதிகளின்படி, பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். சிறு பிடித்தம் மட்டும்தான். எங்களுக்கு அந்த 30 நாளும் பீரோவுக்குள்ளேயே போய்விட்டது. சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியிலேயே முடித்துக்கொண்டால், கட்டியதில் ஒரு பகுதிதான் வரும் என்றார்கள். கிளையில் கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்காங்களே, கால்லயும் ஆமான்னு சொல்லியிருக்காங்களே" என்ற ஒரே பதில். அந்தப் பையன் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டானாம்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பொய்யான வருமானத்தைச் சுட்டிக்காட்டி, அம்மாவின் பாஸ்புக் நகலோடு புகார் எழுதினோம். மறுத்துவிட்டார்கள். இப்போது சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்) மனு போட்டிருக்கிறோம். புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுக்க 155255 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இருக்கும் பேப்பரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எஃப்டி ரசீது என்றால் வட்டி விகிதமும் முதிர்வுத் தேதியும் இருக்கும். 'பிரீமியம்', 'பாலிசி எண்' என்று இருந்தால் அது டெபாசிட் இல்லை. பேங்க் மூழ்கினால் டெபாசிட்டுக்குக் கிடைக்கும் 5 லட்சம் வரையிலான காப்பும் அதற்குக் கிடையாது.

நான் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, எதிர்வீட்டு அத்தையும் ஒரு உறையைக் கொண்டு வந்து நீட்டினார். அதே கிளை, எழுபதாயிரம் ரூபாய். உறை மேல் இருந்த தபால் முத்திரையை வைத்து எண்ணிப் பார்த்தேன், வந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையிலேயே லீவு போட்டு அவரைக் கூட்டிப்போய், கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கினேன். சில நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதும் அத்தையின் கணக்குக்கு வந்துவிட்டது.