பாதி கட்டிய விமானத்தைப் 'பழைய வீட்டுச் சாமான்' ஆக்கிய லாரி ரசீது

வெளியூரிலிருந்து மலைக்கு விலை கூடிய பொருள் எதையாவது ஏற்றிவரச் சொல்லப் போகிறவர்கள், லாரி ரசீதில் 'பொருளின் விவரம்', 'மதிப்பு' ஆகிய இரண்டு கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று வண்டி கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். வாடகைக்குப் பேரம் பேசும்போது காட்டும் அக்கறையில் பாதியை அங்கே காட்டினால் போதும். நான் ஏற்றிவரச் சொன்ன பொருள் ஒரு விமானம். ரசீதில் அது 'பழைய வீட்டுச் சாமான், மதிப்பு 20,000 ரூபாய்' என்று இருக்கிறது.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெனித் சிஹெச் 701 என்ற, இரண்டு பேர் அமரும் சிறிய விமானத்தின் கிட் அது. அலுமினியத் தகடும், அதை உள்ளிருந்து தாங்கும் விலாக்களும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளும் பெட்டியில் வரும். வாங்கியவர் வீட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். பெங்களூரில் ஒரு பெரியவர் உடற்பகுதியையும் இரண்டு இறக்கைகளையும் முக்கால்வாசி கட்டிய நிலையில், கண்பார்வை குறைந்ததால் விற்றார். நீலகிரியில் கட்டபெட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் எங்கள் பழைய தேயிலைக் கிடங்கில் வைத்து மீதியை முடிக்கலாம் என்று வாங்கினேன். நீலகிரியில் ஓடுபாதை எங்கே என்று கேட்காதவர்கள் இல்லை. ஓடுபாதை கிடையாது, தீட்டுக்கல்லில் ஹெலிகாப்டர் இறங்குதளம்தான் உண்டு. கட்டி முடித்ததும் இறக்கைகளைக் கழற்றி மறுபடியும் சமவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். அதன்பின் விமானத்துக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான டிஜிசிஏ என்ற பெரிய படலம் காத்திருக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விமானத்தின் தகடு பல இடங்களில் 0.4 மில்லிமீட்டர் கனம்தான். எல்லாப் பக்கமும் மூடி ரிவெட் அடித்த பிறகுதான் அதற்கு முறுக்கைத் தாங்கும் வலு வரும். மேல்தகட்டைத் தற்காலிகப் பிடிப்பான்களில் நிறுத்தியிருக்கும் உடற்பகுதி, மூடியைக் கிழித்த அட்டைப்பெட்டி மாதிரி; ஒரு மூலையைத் தூக்கினால் எதிர்மூலை கோணும். எனவே சக்கரக்கால் பொருந்தும் இடத்திலும் எஞ்சின் பொருந்தும் சுவரிலும்தான் அதைத் தாங்க வேண்டும், கட்டவும் வேண்டும். தகட்டின்மேல் கயிறு ஓடக் கூடாது. இறக்கையைப் படுக்கப் போடாமல், முன்விளிம்பு கீழே இருக்கும்படி மரத் தொட்டிலில் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் படம் வரைந்து மின்னஞ்சலில் அனுப்பினேன். "ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரமே ஏற்றியிருக்கிறோம் சார், இது என்ன?" என்றார் லாரி நிறுவனத்துக்காரர்.

பேசியது இதுதான்: குலுக்கலைக் குறைக்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள மூடிய கார் கேரியர், பெல்ட் கட்டு, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிச் சாலையில் ஏறி, கிடங்கு வாசலில் இறக்குவது. குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால்தான் கோத்தகிரிப் பாதையைக் குறிப்பிட்டுக் கேட்டேன். வாடகை 42,000 ரூபாய், 'இன்சூரன்ஸ்' என்று தனியாக 9,000. பாதிக்குமேல் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

பெரியவர் வீட்டு வாசலுக்கு வந்தது டிராக்டர் ஏற்றுகிற திறந்த ட்ரெய்லர். முன்னால் ஒரு பிக்கப் வண்டி. அவர் தயங்கியதும், "உங்கள் பார்ட்டிக்குத் தெரியும், அவர் சரி என்றுவிட்டார்" என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். என்னிடம் அவர்கள் சொன்னது, கார் கேரியர் கிளம்பிவிட்டது என்று. இரண்டு முனையிலும் இரண்டு கதை சொல்வதுதான் இவர்களுடைய தொழில் சூட்சுமம். தொட்டிலோடு இடம் போதவில்லை என்று தொட்டிலை வாசலிலேயே விட்டுவிட்டு, இறக்கைகளைப் படுக்கப் போட்டு, அவற்றின்மேல் உதிரிபாகப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். எழுதாத ரசீதில் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி, பிறகு தங்கள் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்கள்.

டீசலை மிச்சம்பிடிக்க மைசூர் வழியாக வந்தார்கள். பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் இருக்கிறது. அந்தப் பக்கம் வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும். இவர்கள் கேட் மூடிய பிறகு போய்ச் சேர்ந்து, விடியும்வரை தூறலில் நின்றிருக்கிறார்கள். காலையில் காட்டுக்குள் வரிசையாக வரும் வேகத்தடைகள் ஒவ்வொன்றும், வில் பட்டை வைத்த அந்த ட்ரெய்லர் வழியாக நேரே தகட்டில் இறங்கியிருக்க வேண்டும். தெப்பக்காட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது குரங்குகள் பொட்டலங்களைப் பிரித்துவிட்டன என்று பின்னால் டிரைவர் கணக்குச் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தக் குரங்குகள் காற்றழுத்தத்தில் ரிவெட் அடிக்கும் கருவியையும் அதன் ஹோஸ் குழாயோடு எடுத்துப் போயிருக்கின்றன.

ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். மலைக் கட்டணம் 15,000, இ-பாஸ் செலவு 2,000. தராவிட்டால் அங்கேயே ஓரமாக இறக்கிவிடுவார்களாம். நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருப்பது உண்மை. அது அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பதும் உண்மை. நேரில் போய் வாதாடி, கேட்ட தொகையை 10,000 ரூபாயாகக் குறைத்தேன். அதையும் கையில் தராமல் யுபிஐ மூலம் அனுப்பி, குறிப்பில் 'ஒப்பந்தத்துக்கு மேல், வற்புறுத்தலின் பேரில்' என்று எழுதினேன். இப்போது அந்த ஒரு வரி எனக்குப் பெரிய துணையாக இருக்கிறது.

கிடங்குக்குத் திரும்பும் கிளைச்சாலையில் ட்ரெய்லர் நுழையாது என்று கட்டபெட்டு முக்கிலேயே நின்றுவிட்டார்கள். எஞ்சின் இல்லாத உடற்பகுதி கனமே இல்லை என்பதால் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) இளைஞர்கள் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்திருப்பார்கள். தூக்குவதற்குமுன் வண்டியில் இருந்த நிலையிலேயே வீடியோ எடுத்துக்கொண்டேன். நைலான் கயிற்றைக் கம்பி கொடுத்து முறுக்கிக் கட்டிய இடத்தில் வால்புறத் தகடு மடிந்து, உள்ளே நீளவாட்டில் ஓடும் சட்டமும் வளைந்திருந்தது. இடது இறக்கையின் மூக்கு விலாக்கள் பெட்டிகளின் பாரத்தில் நசுங்கியிருந்தன. தார்ப்பாய் காற்றில் அடித்து அடித்துக் கண்ணாடியை உப்புத்தாள் தேய்த்ததுபோல் மங்கலாக்கியிருந்தது. மாற்றுப் பாகங்கள் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து மெக்சிகோ என்ற சிற்றூரில் உள்ள தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். விலையைவிடக் கப்பல் கூலியும் சுங்கமும்தான் வயிற்றைக் கலக்குகின்றன.

'சேதத்துடன் பெறப்பட்டது' என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ரசீதின் விவரக் கட்டம் என் கண்ணில் பட்டது. ஏன் அப்படி எழுதினார்கள் என்பது விசாரித்ததும் விளங்கியது. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், ஜிஎஸ்டி விதிப்படி இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு வேண்டும். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு வேண்டாம். அது அவர்களுக்கு முதல் லாபம். இரண்டாவது லாபம் இதைவிடப் பெரியது. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வந்த 2011 விதிகளின்படி, அதிக மதிப்பைத் தனியாக அறிவிக்காதபோது, நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டுக்கு வாடகையின் பத்து மடங்கு உச்சவரம்பு. என் கணக்கில் அது 4,20,000 ரூபாய். ஆனால் அந்தத் தொகை அறிவித்த மதிப்பைத் தாண்டக் கூடாது. 20,000 என்று எழுதியதும் கதை அங்கேயே முடிந்தது. 'இன்சூரன்ஸ்' 9,000 ரூபாய்க்குப் பாலிசி எண் கேட்டால், அது 'ரிஸ்க் சார்ஜ்' என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் நம் பெயரில் தரும் சான்றைக் கண்ணால் பார்க்காமல் யாரும் அந்த வரிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பிறகு தொடங்கியது தேன் தடவிய காலம். 'சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருகிறார் சார்', 'தலைமை அலுவலகத்தில் பேசிவிட்டோம் சார்' என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் சேதத்துக்கு வழக்குப் போட முடியும். அந்தக் கெடு கழியட்டும் என்பதற்குத்தான் இத்தனை மரியாதையும். கோத்தகிரியில் ஒரு வழக்கறிஞர் எச்சரித்ததால் கெடுவுக்குள் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். சேவைக்காகத் தந்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணமும் இல்லை.

நோட்டீஸுக்கு அவர்கள் அனுப்பிய பதிலில், வீட்டுச் சாமான் என்று பொய் சொல்லி விமான பாகங்களை ஏற்றியது நான்தான் என்றும், அதற்காக என்மீது நடவடிக்கை எடுக்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். எடுக்கட்டும். 'விமான உடற்பகுதி, இறக்கைகள்: ஏற்றும் முறை' என்ற தலைப்பில் படத்தோடு நான் அனுப்பிய மின்னஞ்சலும், அதற்கு அவர்கள் 'பார்த்தோம், சரி' என்று அனுப்பிய பதிலும் மனுவின் முதல் இரண்டு இணைப்புகளாக இருக்கின்றன.