அடிக்கணக்கு வேலி ஒப்பந்தம்: காலில் குறையில்லை, குழியில்தான் குறை

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் மனைக்கும் தோப்புக்கும் வேலி போட ஆள் தேடினால் கிடைப்பது இந்த ஒப்பந்தம்தான். 7 அடி சிமெண்ட் கால், முள்கம்பி, கூலி எல்லாம் சேர்த்து அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது. வேலி எத்தனை வருஷம் நிற்கும் என்பது வேறு கேள்வி.

கால் நல்ல கால்தான். 4 அங்குலச் சதுரம், எடை ஐம்பது கிலோவைத் தாண்டும். இருவர் பிடித்து இறக்க வேண்டும். டிராக்டரிலிருந்து தள்ளிவிட்டால் நடுவில் மயிரிழை விரிசல் விழும். பிறகு அதன் வழியே தண்ணீர் இறங்கி உள்கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பெயர்ந்து வரும்.

குழிக்கு வருவோம். கால் 2 அடி உள்ளே போக வேண்டும். அடியில் 3 அங்குலம் ஜல்லி போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஆகக் குழி ஆழம் இரண்டேகால் அடி, அகலம் 12 அங்குலம். நம் பக்கத்து மேட்டு நிலத்தில் மேலே சரளை, கீழே செம்புராங்கல். குழி போடும் மெஷின் சரளையில் குதிக்கும், கல்லில் சும்மா சுற்றும். ஒன்றேகால் அடியில் நிறுத்திவிட்டு, "கல்லு வந்துருச்சு, இதுக்கு மேல போகாது" என்பார்கள். போகும். கடப்பாரையால் குத்தினால் உடைந்து வரும். ஆனால் அதற்கு நேரமாகும், அடிக்கணக்குக் கூலியில் அந்த நேரத்துக்குக் காசில்லை. அதனால் காலுக்கும் கம்பிக்கும் அடிக்கணக்கு, குழிக்கு மட்டும் ஆழம் அளந்து தனிக்கூலி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கண்மாயை ஒட்டிய களிமண்ணில் குழி சுலபமாக இறங்கும். ஆனால் அந்த மண் ஐப்பசி மழையில் உப்பும், பங்குனி வெயிலில் வெடிக்கும். குழி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் உப்பும் மண் கான்கிரீட்டையே தூக்கிவிடும். அங்கெல்லாம் அடிப்பகுதியை இரண்டு அங்குலம் அகட்டித் தோண்டச் சொல்லுங்கள்.

கலவை 1:2:4, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, எம்-சாண்ட் இரண்டு, முக்கால் அங்குல ஜல்லி நாலு. சிமெண்ட் மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர் தண்ணீர். எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இப்படிக் கலந்தால் ஒரு மூட்டை 4 குழிக்கு வரும். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 8 அடிக்கு ஒன்று வைத்தால் 105 கால், 26 மூட்டை, மூலைக்காலைத் தாங்கச் சாய்வாக வைக்கும் முட்டுக்கால்களுக்குத் தனி. வேலை முடிந்ததும் காலிச் சாக்கை எண்ணுங்கள். பத்துதான் கிடக்கிறது என்றால், உள்ளே மண்ணையும் உடைகல்லையும் போட்டு மேலே அரை அடி மட்டும் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். உலர்ந்த கலவையைக் கொட்டிக் குடத்தால் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. மேலே கட்டிக்கொள்ளும், அடியில் தூளாகவே கிடக்கும்.

குழியை முதலில் நனைத்து, காலை நிறுத்தி, கலவையைப் பாதி போட்டுக் கம்பியால் குத்தி, இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, பிறகு நிரப்ப வேண்டும். மேல்பக்கம் தரைக்கு மேல் 2 அங்குலம் உயர்த்திச் சரிவாக விட்டால் காலடியில் தண்ணீர் நிற்காது.

மறுநாளே கம்பி இழுக்க வருவார்கள், விடாதீர்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கம்பி. பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் இன்னும் சில நாள் பொறுக்கலாம், அது மெதுவாகத்தான் இறுகும். இழுவை முழுவதும் மூலைக்காலில்தான் விழும். அதற்கு இரண்டு பக்கமும் முட்டுக்கால் வைத்து, அந்த முட்டுக்கும் கான்கிரீட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.