பெய்ஜிங், லுவோயாங், சியான்: ரயிலிலேயே போங்கள்

செங்கோட்டைக்காரர்களுக்கு ரயில் என்றால் கொல்லம் ரயில்தான். புனலூர் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆனால் மலை ஏறி இறங்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அந்த ஜன்னலோரத்திலேயே வளர்ந்த நானும் என் மதினியும் ஏப்ரலில் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்த கையோடு சீனாவுக்குக் கிளம்பினோம். பெய்ஜிங்கிலிருந்து லுவோயாங், அங்கிருந்து சியான். இரண்டு பாதையும் அதிவேக ரயில், 'ஜி' என்று தொடங்கும் வண்டி எண்கள்.

முதலில் நாங்கள் பட்ட பாடு. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் விரிந்து பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக நிற்கும். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் மதினியின் அப்பா பெயரை விட்டுவிட்டார். அங்கே காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். பெய்ஜிங் மேற்கு நிலையத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கவுண்டருக்கு ஓடி, போனில் மொழிபெயர்த்துக் காட்டி, சரிசெய்து திரும்புவதற்குள் வண்டி போய்விட்டது. நல்லவேளை, அன்றைக்கே அடுத்த வண்டிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதனால் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் டிக்கெட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். '12306' என்ற ரயில்வேயின் சொந்தச் செயலி ஆங்கிலத்திலும் உண்டு. பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பு முன்பதிவு திறக்கும். நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பைகளை ஸ்கேன் செய்கிறார்கள், வண்டி புறப்படச் சில நிமிடங்கள் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுகிறார்கள்.

ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வகுப்பே தாராளம். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள். எல்லாம் வண்டி போகும் திசையைப் பார்த்தே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் திரையில் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியபோதும் மதினியின் டம்ளரில் தண்ணீர் அலம்பவில்லை. வெளியே பச்சைக் கோதுமை வயல் ஓடிக்கொண்டே இருந்தது. செங்சோ நகருக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் ஆற்றைக் கடக்கிறோம். கண் நிறையப் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. வேகத்தில் நான் இழந்தது அது ஒன்றுதான். ஜன்னலைத் திறந்து காற்று வாங்கவும் முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது வெந்நீர்க் குழாய். ஒவ்வொரு பெட்டியிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், காசு கிடையாது. பக்கத்து இருக்கைப் பாட்டி கண்ணாடி பிளாஸ்க்கில் தேயிலையை அப்படியே போட்டு, வடிகட்டாமல், மூன்று தடவை எழுந்து போய் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தார். இலைகள் மெதுவாக விரிந்து அடியில் இறங்கும். அவர் ஊதிக் குடிப்பார். மதினி புளியரைக் கடையில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸை நீட்டினார். பாட்டி இரண்டு எடுத்துக்கொண்டு, எங்கள் டம்ளரிலும் ஒரு சிட்டிகை தேயிலை போட்டார். ரயிலில் விற்கும் சாப்பாட்டில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். சைவக்காரர்கள் கெட்டி அவல் கொண்டுபோங்கள். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, இட்லிப் பொடி தூவினால் போதும், பசி அடங்கிவிடும்.

பெய்ஜிங்கிலிருந்து லுவோயாங்குக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். இறங்கும் நிலையத்தின் பெயரே லுவோயாங் லோங்மென். லோங்மென் குகைகளுக்கு அங்கிருந்து டாக்சியில் சீக்கிரம் போய்விடலாம். அங்கே 675இல் முடிந்த பெரிய புத்தர் சிலை பதினேழு மீட்டர் உயரம். அதன் காலடியில் மதினி வெகுநேரம் பேசாமல் நின்றார். ஏப்ரல் என்பதால் ஊர் முழுக்கப் பியோனிப் பூ, கூட்டமும் அதிகம்.

லுவோயாங்கிலிருந்து சியானுக்கு ஒன்றரை மணி நேரம். இந்தப் பாதையில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், ஹுவாஷான் மலை தெரியும். நம் பாடப்புத்தகத்தில் வரும் யுவான் சுவாங் லுவோயாங்குக்கு அருகில் பிறந்தவர். காஞ்சிபுரம் வரை வந்துவிட்டு 645இல் சியானுக்குத் திரும்பினார். அவர் கொண்டுபோன சுவடிகளை வைக்க 652இல் கட்டியதுதான் 'பெரிய காட்டுவாத்து பகோடா' என்ற பௌத்தக் கோபுரம். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அதன் வாசலில் என் கண் கலங்கிவிட்டது.

சியான் வடக்கு நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பயப்பட வேண்டாம், மெட்ரோ இரண்டாவது லைன் நேராக நகரின் நடுவில் உள்ள மணிக்கூண்டுக்குக் கொண்டுவிடும். கோட்டைச் சுவர் கிட்டத்தட்ட பதினாலு கிலோமீட்டர் சுற்று, மேலே நடக்கலாம். மதினிக்கு முழங்கால் வலி. பாதிச் சுவரில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, பாட்டி கொடுத்த மிச்சத் தேயிலையைப் போட்டார்.