கூட்டை நெருங்காத படங்களுக்கு மட்டும் இடம்: யாழ்ப்பாணத்துப் பறவை ஒளிப்படப் போட்டி

யாழ்ப்பாணத்து வனவிலங்கு ஆர்வலர் குழுவொன்று நடத்திய பறவை ஒளிப்படப் போட்டிக்கு மூன்று படங்கள் அனுப்பினேன், ஒன்றுக்கும் பரிசில்லை. ஆயினும் அடுத்த முறையும் அனுப்புவேன். அதற்கு அவர்களுடைய விதிமுறைகளே காரணம்.

கூடு, முட்டை, குஞ்சு தெரியும் படங்களை அவர்கள் அறவே ஏற்பதில்லை. ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் மணலில் சிறு பள்ளம் செய்து முட்டையிடுபவை. முட்டையும் மணல் நிறமாகவே இருப்பதால், மிதித்த பின்னர்தான் பலருக்கு அது தெரியவரும். மிதிக்காவிட்டாலும், கமராவுடன் ஒருவர் அருகில் நிற்கும்வரை தாய்ப்பறவை திரும்பி வராது. உச்சி வெயிலில் நிழலின்றிக் கிடக்கும் முட்டை பழுதாகிவிடும். ட்ரோனுக்கும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதற்கும் தடை உண்டு.

தேர்வைப் பார்வையாளர் முன்னிலையில் நடத்தியது இன்னும் சிறப்பு. மண்டைதீவுப் பக்கம் எடுத்த பூநாரைக் கூட்டமொன்றின் படம் திரைக்கு வந்ததும் அரங்கமே கைதட்டியது. நடுவரோ படத்தைப் பெரிதாக்கிக் கால்களைக் காட்டினார். பூநாரை நீரில் சில அடி ஓடித்தான் மேலெழும். அந்தப் படத்தில் எல்லாக் கால்களும் கமராவுக்கு எதிர்ப்புறமாகவே ஓடின. யாரோ கலைத்திருக்கிறார்கள் என்று கூறி அதை ஒதுக்கினார். பரிசு பெற்ற படத்தில் இருந்தது ஒற்றைப் பூநாரை. அலகைத் தலைகீழாக அமிழ்த்தி இரை வடித்துக்கொண்டிருந்தது. அலகின் வளைவில் சேற்றுநீர் ஒரு துளியாகத் தொங்கியது.

குறையும் உண்டு. படம் அனுப்பும் கடைசி நாள் நவம்பர் நடுப்பகுதியில் முடிந்துவிட்டது. வலசைப் பறவைகள் ஏப்ரல் வரை இங்கே தங்கும். மாரி ஓய்ந்து, சுண்டிக்குளம் போன்ற இடங்களில் நீர் வற்றும்போதுதான் அவை ஓரிடத்தில் கூடும். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. அதன் சிறந்த காலம் இந்தப் போட்டிக்குள் வரவேயில்லை. கடைசி நாளை மார்ச் மாத முடிவுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

கண்காட்சியில் பெயர்களை ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தார்கள். இலங்கையில் வடக்கு, வடமேற்கு வரண்ட பகுதிகளில் மட்டுமே வாழும் கௌதாரியின் படத்தின் முன் வயதான கமக்காரர் ஒருவர் பெயரை வாசிக்க முடியாமல் வெகுநேரம் நின்றார். பின்னர் என்னிடம் திரும்பி, "தம்பி, இது எங்கட கௌதாரியெல்லே?" என்று கேட்டார்.