கீழடி அருங்காட்சியகம்: நான்கு பேருக்கு ஒரு நோட்டு

கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன். சென்ற ஆண்டு ஆளுக்கொரு வினாத்தாள் கொடுத்தேன். குனிந்து எழுதிக்கொண்டே நடந்தார்கள். பேழைக்குள் இருப்பதை நின்று பார்த்தவர்கள் குறைவு. இந்த ஆண்டு நான்கு பேருக்கு ஒரு நோட்டு மட்டும் கொடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கு இரண்டு ஊர்களின் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். ஆகஸ்ட் வரைக்கும் இந்த ஊர் ஒரு பக்கம், அந்த ஊர் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். அதனால் 36 பேரை 9 குழுக்களாகப் பிரித்தபோது, குழுவுக்கு ஊருக்கு இருவர் என்று வைத்தேன்.

இப்படிப்பட்ட வேலைக்கு மதுரைப் பக்கத்தில் இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். நீர், பானை, ஆடை, அணிகலன், வணிகம், விளையாட்டு என்று பொருள் வாரியாகப் பார்க்கலாம். ஒரு குழுவுக்குச் சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணறு, ஒன்றுக்கு நூல் நூற்கும் தக்களி, ஒன்றுக்குச் சிவப்புக் கல்லான சூதுபவள மணி, ஒன்றுக்கு வட்டச்சில்லு என்று பிரித்துக் கொடுக்க முடிந்தது. சில்லைப் பார்த்ததும் பாண்டி ஆடுகிற பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பானை ஓட்டுக் குழுவின் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியின் அட்டவணையை முன்பே வகுப்பில் எழுதிப் பழகியிருந்தோம். கூட்டல் குறியைப் போல இருந்தால் 'க', அதன் அடியில் ஒரு சிறு கோடு சேர்ந்தால் 'கு'. அந்தக் குழுவில் ஒரு பையனுக்கு வாசிப்பு தடுமாறும், ஆனால் கை சுத்தமாக வரையும். அவன் கீறல்களை ஒவ்வொன்றாக வரைய, அடுத்த ஊர்ப் பெண் அட்டவணையில் விரலை வைத்து எழுத்தைத் தேடினாள். இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆதன், குவிரன் ஆதன் என்று அங்கே கிடைத்த ஓடுகளில் ஆட்களின் பெயர்கள் இருப்பதைச் சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து, "டீச்சர், எங்கள் வீட்டுக் குடத்தில் அப்பத்தா பெயர் வெட்டியிருப்பதைப் போலவா?" என்று கேட்டாள்.

நான் தயாரித்துப் போயிருந்த திட்டத்தை அந்தக் கேள்விக்காக மாற்றினேன். மறுவாரம் ஒவ்வொருவரும் வீட்டில் பெயர் வெட்டிய ஒரு பாத்திரத்தைத் தேடி, எழுத்தைத் தாளில் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து வந்தார்கள். யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு, எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு அடியில் எழுதினார்கள். படிகளை வகுப்புச் சுவர் முழுக்க ஒட்டினோம்.

அழைத்துப் போகிற ஆசிரியர்களுக்கு: வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள், 3 மணி நேரமாவது ஒதுக்குங்கள். எல்லாக் கூடங்களையும் எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்று விரட்டாதீர்கள். அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடல் பக்கத்தில்தான் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

சுவரில் ஒட்டிய மூன்றாம் நாள், வரைகிற பையன் ஒரு படியின் முன்னால் நின்றுவிட்டான். அடுத்த ஊர்க்காரி ஒருத்தி கொண்டுவந்த பித்தளைத் தூக்குச்சட்டியின் படி அது. சீராகக் கொடுத்தவர் என்று அதில் வெட்டியிருந்தது அவனுடைய தாத்தாவின் பெயர்.