பசவனகுடியில் எதை எந்த நேரத்தில் சாப்பிடுவது

பெங்களூரில் சாப்பாடு சுமார்தான் என்று சொல்கிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு. கொஞ்சம் விசாரித்தால் விஷயம் வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போயிருப்பார்கள். முக்கால் மணி நேரம் வாசலில் காத்துக் கிடந்து, பசி அடங்கிப்போன பிறகுதான் தட்டு வந்திருக்கும். கூடவே சாம்பார் வரவில்லை என்ற கோபமும் சேர்ந்திருக்கும்.

இந்த ஊரின் பழைய பகுதியான பசவனகுடியிலும் அதைச் சுற்றியும் இருக்கும் பழைய கடைகளில் எல்லாமும் எல்லா நேரமும் கிடைக்காது. பலகாரம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும், அதற்கும் ஒரு நேரம் இருக்கும். அந்த நேரம் பார்த்துப் போனால் இதைவிட நல்ல டிபன் தென்னிந்தியாவில் வேறெங்கும் கிடைக்காது என்பது என் கட்சி. நான் தர்மபுரியில் பிறந்து, கல்யாணமாகி ஜெயநகருக்கு வந்தவள். தினமும் சாம்பார் கொதித்த வீட்டில் வளர்ந்தவள்தான். அதனால் நம் ஆட்கள் எங்கே முகம் சுருங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் முதலில் சங்கரபுரம் போங்கள். சங்கர மடத்துக்குப் பக்கத்தில் ரங்கராவ் ரோட்டில் இருக்கிறது பிராமின்ஸ் காபி பார். 1965-ல் தொடங்கிய கடை. இட்லி, வடை, காரா பாத் (காரமான ரவை உப்புமா), கேசரி பாத் (நம் ரவா கேசரி), காபி, டீ. பட்டியல் இவ்வளவுதான். தோசை கிடையாது, சாம்பாரும் கிடையாது. தட்டை வாங்கிக்கொண்டு நின்றபடி சாப்பிட வேண்டும். ஏழரை மணிக்கு முன்னால் போய்விட்டால் நெரிசல் இருக்காது, இட்லியும் ஆவி பறக்க வரும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடையே சட்னிக்காகத்தான். நம் வீட்டில் அரைக்கிற கெட்டிச் சட்னியை மனதில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. இது ஊற்றுகிற சட்னி. தேங்காய் மணம் முதலில் வரும், பச்சை மிளகாயின் காரம் தொண்டையில் கொஞ்சம் தாமதமாக வரும், புளிப்பு என்று தனியாக எதுவும் நிற்காது. இட்லி பாதி மூழ்கும் வரை ஊற்றுவார்கள். வடையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு முறை இருக்கிறது. கைக்கு வந்தவுடன் இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைச் சட்னிக்குள் தள்ளிவிடுங்கள். மறுபாதியை மொறுமொறுப்பாகவே கடித்துத் தின்னுங்கள். இட்லியை முடிப்பதற்குள் உள்ளே போட்ட பாதி ஊறியிருக்கும். நடுவில் குழைந்து, ஓரத்தில் மட்டும் லேசாக நறுக்கென்று இருக்கும். அந்த ஒரு வாய்க்காகவே நான் அவ்வளவு காலையில் எழுந்து கிளம்புவேன்.

கண் பரிசோதனைக்காக ஊரிலிருந்து வந்த பெரியப்பாவை அங்கே கூட்டிப்போனேன். தட்டை வாங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏம்மா, சாம்பார் வாளி எங்க வச்சிருக்காங்க?"

"இங்க சாம்பாரே கிடையாது பெரியப்பா. அந்தச் சட்னியில முக்கிச் சாப்பிட்டுப் பாருங்க."

முதல் இட்லியை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இரண்டாவது இட்லிக்கு அவரே தட்டை எடுத்துக்கொண்டு, சட்னி ஊற்றுபவர் முன்னால் போய் நின்றார். அவரும் கேட்காமலே ஊற்றினார். எத்தனை முறை போனாலும் அப்படித்தான், சட்னிக்கு அங்கே கணக்கு இல்லை. ஊருக்குப் போன பிறகு பெரியம்மா போனில் சொன்னார்: "உங்க பெரியப்பா இப்ப இங்க சட்னியத் தண்ணியா அரைக்கச் சொல்றாரு."

காபியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். தட்டை வைத்துவிட்டு, டம்ளரோடு ஓரமாக நின்று, அந்தத் தெருவைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பூஜைக்குப் பூ வாங்கப் போகிறவர், நடைப்பயிற்சி முடித்துவிட்டு அப்படியே வந்தவர், பிள்ளையைப் பள்ளியில் விடும் முன் ஒரு வடைக்கு நிறுத்தியவர் என்று எல்லோரும் ஒரே சட்னிக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள். விலையும் கையைக் கடிக்காது.

அங்கிருந்து காந்தி பஜார் நடக்கிற தூரம்தான். ஆனால் அங்கே இருக்கும் வித்யார்த்தி பவன் என்ற தோசைக் கடைக்குக் காலையிலேயே போகாதீர்கள், முக்கியமாக சனி, ஞாயிறில். பகல் இடைவேளை முடிந்து மறுபடி கடை திறக்கும் நேரத்துக்கு, வார நாளில் போங்கள். வெள்ளிக்கிழமை கடை கிடையாது. 1943-ல் பக்கத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக வெங்கடரமண உரால் தொடங்கிய இடம் இது. 1970-ல் ராமகிருஷ்ண அடிகா வாங்கினார். கன்னட எழுத்தாளர்கள் சாயங்காலங்களில் கூடிப் பேசிய வட்டாரம் இது, கடைச் சுவரில் அவர்களின் படங்களே வரிசையாக மாட்டியிருக்கும். சாப்பாட்டுக் கடைச் சுவரில் எழுத்தாளர் படத்தைப் பார்க்கிறபோது எனக்கு இந்த ஊர் மேல் ஒரு மரியாதை வருகிறது. நம் ஊரிலும் யாராவது இப்படிச் செய்யலாம்.

இங்கே மசால் தோசையைத்தான் சாப்பிட வேண்டும். நம் நெய் ரோஸ்ட்டோடு இதை ஒப்பிடவே கூடாது. அளவில் சின்னது, தடிமன் அதிகம். வெளிப்பக்கம் நெய்யில் செம்பழுப்பாக முறுகியிருக்கும், உள்பக்கம் மெத்தென்று இருக்கும். மடிப்பைப் பிரிக்காமல் ஓரத்திலிருந்து பிய்த்தால் முறுகல், மெத்து, உருளைக்கிழங்கு மூன்றும் ஒரே வாயில் வந்துவிடும். தோசைக்குத் துணை சட்னிதான். பரிமாறுபவர் ஒரு கையிலேயே பத்துப் பதினைந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு, சந்து மாதிரியான இடைவெளிகளில் யார் மேலும் படாமல் வருவார். அந்த அடுக்கு நம் மேஜைக்கு வரும் வரை என் பையன் மூச்சே விடமாட்டான். தெரியாதவர்களோடு மேஜையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். கூச்சப்பட வேண்டாம், பாதித் தோசை முடிவதற்குள் எதிரில் இருப்பவர் நீங்கள் எந்த ஊர் என்று கேட்டுவிடுவார்.

நெய் பொடி இட்லி என்று சொல்லி வரிசையாகப் புதுக் கடைகள் இப்போது வந்திருக்கின்றன. சில நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கடையில், பேர் வேண்டாம், இட்லி மேல் நெய் குளமாக நின்றது, சட்னி மட்டும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தது. சில்லென்ற சட்னியைச் சூடான இட்லியில் ஊற்றுகிறவர்களுக்கு நெய்யின் அளவைப் பற்றிப் பேச உரிமை இல்லை. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் சட்னியை மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

லால்பாக் ரோட்டில் இருக்கும் எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்ஸ்) ஹோட்டல் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மையா சகோதரர்கள் 1924-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோய் இட்லிக்கு அரிசி தட்டுப்பட்டபோது ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி. நெருக்கடி நிலைக் காலத்து விலைக் கட்டுப்பாட்டில் ஹோட்டலை மூட நேர்ந்தபோது பொடிகளும் மாவுகளும் விற்கத் தொடங்கினார்கள். இன்று நம் ஊர் மளிகைக் கடையில் தொங்கும் அந்தப் பாக்கெட்டுகளின் கதை இதுதான். ரவா இட்லியோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய் வரும். பெரும்பாலோர் அதை மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பிய்த்த இடத்தில் மட்டும் விடுங்கள், ரவையில் முந்திரியும் கறிவேப்பிலையும் தனித்தனியாகத் தெரியும். திங்கட்கிழமை விடுமுறை.

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். விஸ்வேஸ்வரபுரத்தில் சஜ்ஜன்ராவ் சர்க்கிளை ஒட்டி, தின்பண்டத் தெரு தொடங்குகிற முனையில் இருக்கிறது வி.பி. பேக்கரி. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தை எடுத்துக்கொண்டாலும் எதிரில் 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்று ஒரு பலகை இருக்கும். தர்மபுரியிலும் இருந்தது. பள்ளி விட்டு வரும்போது அந்த வாசனையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பலகைகளுக்கெல்லாம் மூல ஊர் இதுதான். ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் இங்கே வந்து பேக்கரித் தொழிலில் இறங்கினார்கள். 1898-ல் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரியிலிருந்து இந்தக் கதை ஆரம்பிக்கிறது. வி.பி. பேக்கரி 1950-களின் தொடக்கத்தில் வந்தது. ஹாசன் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது ஹெப்பார் தமிழ். கன்னடம் கலந்த பழைய தமிழ் அது. கொஞ்சம் நின்று கேட்டால் பாதி புரியும், மீதிப் பாதி இன்னும் கேட்கலாம் போலிருக்கும்.

இங்கே போக வேண்டிய நேரம் சாயங்காலம். காரா பன்னை வாங்கியவுடன் கையில் அழுத்திப் பாருங்கள், சூடு இருக்கும். மாவிலேயே பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி, சீரகம் எல்லாம் சேர்த்துப் பிசைந்திருப்பார்கள், அதனால் காரம் ஒரு இடத்தில் குவியாமல் பன் முழுக்கப் பரவியிருக்கும். இதை நடுவில் பிளந்து வெண்ணெய் தடவித் தரச் சொல்லலாம். வெண்ணெய் உருகி ஓரத்தில் மின்னத் தொடங்கும்போது கடித்துவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடலாம் என்று பையில் போட்டால் பாதி ருசி வழியிலேயே போய்விடும். வெண்ணெயையும் காரத்தையும் இப்படிச் சேர்க்கத் தெரிந்த ஊர் இது. மசாலா டோஸ்ட்டிலும் அதே கைதான். வெங்காயம், தக்காளி, கேரட்டை வதக்கி, வெண்ணெயில் முறுக்கிய ரொட்டி மேல் பரப்பித் தருவார்கள்.

இனிப்பில் எனக்கு தில்பசந்த். வட்டமான பெரிய ரொட்டிக்குள் தேங்காய்த் துருவலும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்துச் சுட்டு, முக்கோணத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். நம் ஊரில் தேங்காய் பன் என்று கேட்டு வாங்கினோமே, கிட்டத்தட்ட அதுதான். நுனியிலிருந்து சாப்பிட ஆரம்பித்தால் இனிப்பு முதலிலேயே தீர்ந்துவிடும், அகலமான ஓரத்திலிருந்து தொடங்குங்கள். குழந்தைகள் ஹனி கேக் கேட்பார்கள், மேலே ஜாம் தடவி உலர்ந்த தேங்காய்த் தூள் தூவியது. ஊருக்குக் கொண்டுபோக பென்னே (வெண்ணெய்) பிஸ்கட்டும் காங்கிரஸ் கடலையும் வாங்கிக்கொள்ளுங்கள். மிளகு, மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை போட்ட பிளந்த வேர்க்கடலை அது. எங்கள் வீட்டில் எப்படியும் பாதிப் பொட்டலம் ஓசூர் தாண்டுவதற்குள் காலியாகிவிடும்.

பேக்கரியிலிருந்து அப்படியே தின்பண்டத் தெருவுக்குள் நடந்துவிடலாம். அங்கே கிடைப்பதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், தட்டில் பாலாடைக்கட்டியைத் துருவிக் கொட்டுகிற பழக்கம் தோசையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஜனவரி வாக்கில் வந்தால் கதையே வேறு. அவரைக்காய் காலம் அது. தோல் பிதுக்கிய அவரைப் பருப்பைத் தோசையிலும் அக்கி ரொட்டியிலும் (அரிசி மாவு ரொட்டி) உப்புமாவிலும் போடுவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்கழி, தையில் நம் அம்மாக்கள் உட்கார்ந்து பிதுக்கிய அதே பிதுக்குப் பருப்புதான். பனிக்காலத்து அவரைக்கு ஒரு வாசனை உண்டு, விரலில் ஒட்டினால் அடுத்த நாள் வரை போகாது. அந்தப் பருப்பு போட்ட அக்கி ரொட்டியை இங்கே சாப்பிட்டபோது எனக்கு இரண்டு ஊரும் ஒன்றாகவே தெரிந்தது.

சரி, எப்படிப் போவது? ரயிலில் வருகிறவர்கள் மெஜஸ்டிக்கில் மெட்ரோ பச்சை வழித்தடத்தில் ஏறி நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கிவிட்டால் போதும். சங்கரபுரம், காந்தி பஜார், விஸ்வேஸ்வரபுரம் மூன்றையும் நடந்தே சுற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். நான் யாரையாவது கூட்டிப்போனால் காலையில் ஒரு கடை, சாயங்காலம் ஒரு கடை, அவ்வளவுதான். நடுவில் லால்பாக் பூங்காவில் மர நிழலில் உட்கார வைத்துவிடுவேன்.

அசைவம் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஊரின் மறுபக்கம் போக வேண்டும். ஃப்ரேசர் டவுன் மசூதி ரோட்டில் ஆல்பர்ட் பேக்கரி 1902-லிருந்து இருக்கிறது. காலையில் போய்க் கதவைத் தட்டாதீர்கள், மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பார்கள். திறந்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடிப் பெட்டியின் முன்னால் ஆள் சேர்ந்துவிடும். மட்டன் கைமா பப்ஸ்தான் வாங்க வேண்டியது. மேல் அடுக்கு உதிர்ந்து சட்டை முழுக்க விழும், அதனால் காரில் உட்கார்ந்து தின்னாமல் வெளியிலேயே நின்று தின்றுவிடுங்கள். புனித வெள்ளி சமயத்தில் ஹாட் கிராஸ் பன் போடுவார்கள், ஈஸ்டருக்கு மார்சிபன் முட்டையும் உண்டு. அந்த வாரம் போகிறவர்கள் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.