ஒரே பாட்டுக்கு ஆறு பாடம்

'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' என்ற ஒரே ஜாஸ் பாட்டை வைத்து ஆறு வீடியோ பாடம் என்றதும், இழுத்தடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கிட்டாரில் அந்தப் பாட்டின் நடுப்பகுதி வந்தாலே தடுமாறி நிறுத்துகிறவன் நான். அதற்காகவே சேர்ந்தேன்.

முதல் பாடத்தில் ஸ்கேல் (சுர வரிசை) பேச்சே இல்லை. ஜெரோம் கெர்ன் 1939-ல் போட்ட மெட்டை மெதுவாகப் பாடச் சொல்கிறார் ஆசிரியர். பாடிக்கொண்டே கார்டையும், அதாவது கூடவே சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தையும், பார்க்க வேண்டும். எஃப் மைனர் செவன் என்ற கார்டு வரும்போது மெட்டில் ஏ-ஃபிளாட் சுரம். பி-ஃபிளாட் மைனர் செவனுக்கு டி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் செவனுக்கு ஜி, ஏ-ஃபிளாட் மேஜருக்கு சி. எல்லாமே அந்தந்தக் கார்டின் மூன்றாவது சுரம்! இத்தனை வருஷம் வாசித்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

அடுத்த இரண்டு பாடங்களில் பாட்டின் 36 பார்களிலும் (தாளக் கட்டங்களிலும்) டூ-ஃபைவ்-ஒன், அதாவது ஒரு கீயின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் கார்டுகள் அடுத்தடுத்து வரும் வரிசை, எங்கெங்கே என்று பென்சிலால் வளைக்க வேண்டும். ஏ-ஃபிளாட், சி, ஈ-ஃபிளாட், ஜி, ஈ என்று ஐந்து மேஜர் கீ (ஆதார சுரம்) வந்து போகிறது. தெரிந்த கதைதான், சீக்கிரம் முடித்துவிட்டேன்.

நாலாவது பாடத்துக்கு மட்டுமே கொடுத்த காசு சரி. நடுப்பகுதி ஈ மேஜரில் ஜி-ஷார்ப் சுரத்தோடு முடிகிறது. அடுத்த பாரில் வரும் சி செவன் ஷார்ப்-ஃபைவிலும் (ஐந்தாவது சுரத்தை அரைச் சுரம் ஏற்றிய சி செவன்) அதே ஜி-ஷார்ப் இருக்கிறது. அப்புறம் எஃப் மைனர் வரும்போது அதுவே ஏ-ஃபிளாட் என்ற பெயரில் மெட்டைத் திரும்பத் தொடங்கி வைக்கிறது. விரலை நகர்த்தவே வேண்டாம். அந்த ஒரே சுரத்தை மூன்று கார்டுக்கும் வாசித்துப் பார்த்த அன்றைக்குத்தான் என் பயம் போனது.

இதில் எரிச்சல் என்னவென்றால், கூடவே தந்த பிடிஎஃப்பில் அதே பாரில் வெறும் 'சி செவன்' என்று அச்சாகியிருக்கிறது. ஷார்ப்-ஃபைவைக் காணோம்! எழுதிச் சொல்லி ஒரு மாதம் ஆயிற்று, பதில் இல்லை. பின்னணி டிராக்கும் நிமிஷத்துக்கு 180 தாள அடி வேகத்தில் ஒன்றே ஒன்றுதான். நானே பாதியாகக் குறைத்துக்கொண்டேன். ஐந்தாவது பாடம் ஆல்டர்ட், ஹோல்-டோன் என்று ஸ்கேல்களைக் கொட்டிவிட்டுப் போகிறது. எதை எப்போது எடுப்பது என்று ஒரு வார்த்தை இல்லை.

செவன்த் கார்ட் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான் ஆறாவதை இன்னும் திறக்கவில்லை. ஒவ்வொரு கார்டின் மூன்றாவது, ஏழாவது சுரங்களை மட்டும் வைத்துப் பாட்டு முழுக்க ஒரு சோலோ வாசிக்கச் சொன்னார் ஆசிரியர், அதிலேயே நிற்கிறேன்.